இறக்கை நுனியில் எழும் சுழி

மலையகக் காற்றின் கதை – 12

ஆடி மாதத்தில் எல்ல மலைவாயிலில் நிற்பவருக்குக் காற்றின் பலத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைச் சரிவுகளில் தன் மழையைக் கொட்டிவிட்டு முகட்டைக் கடக்கிறது. கிழக்கே இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறுகிறது. ஈரம் வற்றிய வறண்ட காற்றாக அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பசறை என்று ஊவா முழுவதும் வீசுகிறது. நம்மவர்கள் கச்சான் என்று சொல்லும் இந்தக் காற்றில் தேயிலைச் செடி தண்ணீருக்குத் தவித்து வளர்ச்சியை அடக்கிக்கொள்கிறது. அந்தத் தவிப்பில் இலைக்குள் மணப்பொருட்கள் கூடுகின்றன. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலையில் கிடைக்கும் குளிர்ந்த, காரமான வாசத்துக்கு முக்கியக் காரணம் மெதைல் சாலிசிலேட் என்று வேதியியல் சொல்கிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாவின் பெயரை உயர்த்தியது இந்தப் பருவம்தான்.

இது மலையில் வீசும் காற்று. பறித்த கொழுந்து ஃபெக்டரிக்குள் போன பிறகு அதற்காகக் காத்திருக்கும் இன்னொரு காற்றும் உண்டு. மனிதர் இயந்திரத்தால் உண்டாக்கும் காற்று அது. தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் விதையை எழுதினார்கள், துரைமாரை எழுதினார்கள், ரயிலை எழுதினார்கள். ஃபெக்டரிக்குள் ஓடிய காற்றை எழுதியவர்கள் மிகக் குறைவு. இந்த அத்தியாயம் அந்தக் காற்றைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், விசிறியின் இறக்கை நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்துக்கும் நடுவே உள்ள விரற்கடையிலும் குறைந்த இடுக்கைப் பற்றியது. அந்த இடுக்கில் நடப்பதை அறிய உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கின்றன. அதே இடுக்கோடுதான் பதுளை மாவட்டத்துத் தேயிலை ஃபெக்டரிகளில் விசிறிகள் இரவு முழுவதும் சுழன்றுகொண்டிருக்கின்றன.

மேல்மாடியும் சாக்குத் தட்டும்

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதையும், 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்ததையும், 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் கால்பதித்ததையும் முன்னைய அத்தியாயங்களில் கண்டோம். அந்தக் காலத்து ஃபெக்டரிகளின் உருவமே ஒரு சேதி சொல்லும். மூன்று, நான்கு மாடி, பக்கமெல்லாம் வரிசை வரிசையாக ஜன்னல்கள். கீழ்த்தளத்தில் உருட்டும் மேசைகளும் அடுப்புகளும் இருக்கும். மேல்மாடிகள் முழுவதும் கொழுந்து வாட்டுவதற்கு.

பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு ஈரம். அப்படியே உருட்டினால் இலை நொறுங்கும், சாறு வழிந்தோடும். ஈரத்தை ஏறத்தாழ 55 சதவீதத்துக்கு இறக்கினால்தான் இலை துவண்டு, முறுக்குக்கு இணங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வேலையின் பாரம் புரியும். 77 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ கொழுந்தை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 490 கிலோ தண்ணீரைக் காற்றோடு அனுப்ப வேண்டும். சூடு அதிகமானால் இலை கருகும். அவசரப்பட்டால் இலைக்குள் நடக்க வேண்டிய வேதி மாற்றங்கள் அரைகுறையாக நின்றுவிடும். ஆகவே மிதமான, சீரான, இடைவிடாத காற்று வேண்டும்.

மேல்மாடிகளில் சாக்குத் துணியை அடுக்கடுக்காக இழுத்துக்கட்டித் தட்டுகள் அமைத்தார்கள். தொழிலாளர்கள் கொழுந்தை அவற்றில் மெல்லிசாகத் தூவிப் பரப்பினார்கள். கச்சான் வீசும் நாட்களில் ஜன்னலைத் திறந்தால் போதும். மார்கழி மழையில் அது நடக்காது. அப்போது அடுப்பறையின் வெப்பக்காற்றை மேலே இழுத்து மாடி நெடுகச் செலுத்தப் பெரிய விசிறிகள் வேண்டியிருந்தன. மலை ஓடையில் சுழன்ற நீர்ச்சக்கரமோ நீராவி எஞ்சினோ கூரையடியில் ஓடிய நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி விசிறிகளையும் உருட்டும் மேசைகளையும் ஓட்டும்.

தேயிலைக்கும் விசிறிக்கும் இருந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதற்குச் சாமுவேல் டேவிட்சனின் வாழ்க்கையே சான்று. 1846இல் வட அயர்லாந்தில் பிறந்த அவர், 1864இல் வடகிழக்கு இந்தியாவின் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். தேயிலை காய்ச்சும் இயந்திரம் செய்யப் புறப்பட்டு, 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் சிரோக்கோ பட்டறையைத் தொடங்கினார். இலங்கைத் தோட்டங்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். தேயிலை அடுப்புக்குக் காற்று வேண்டும் என்ற தேவையே அவரை விசிறி ஆராய்ச்சிக்கு இழுத்தது. முன்வளைந்த இறக்கைகள் கொண்ட அவருடைய மையவிலக்கு விசிறி பின்னர் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போனது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தேவை உலகத் தொழில்நுட்பத்துக்கு ஒரு கருவியைத் தந்தது என்பதை நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும்.

நீண்ட தொட்டியும் அச்சு விசிறியும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு சாக்குத் தட்டுகளின் இடத்தை ட்ரஃப் பிடித்தது. பெரும்பாலும் 6 அடி அகலம், 60 முதல் 100 அடிக்கு மேலும் நீளும் தொட்டி. அதன் மேல்பரப்பில் கம்பிவலை. வலையின்மீது கொழுந்து கனமாகப் பரப்பப்படும். தொட்டியின் ஒரு முனையில் விசிறி. அது தள்ளும் காற்று வலைக்கு அடியில் ஓடி, இலைப்படுக்கையை ஊடுருவி மேலெழும். தட்டுத் தட்டாகக் கையால் பரப்பிய வேலையும், அதற்குப் பிடித்த இடமும் பெருமளவு குறைந்தன. எல்லவுக்கு அருகே பண்டாரவளைப் பாதையில் உள்ள ஊவா ஹல்பேவத்த ஃபெக்டரிக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் முதலில் பார்ப்பதும் இப்படிப்பட்ட தொட்டிகளைத்தான்.

தொட்டிக்குப் பொருந்தியது அச்சு விசிறி. காற்று எந்தத் திசையில் நுழைகிறதோ, சுழல் தண்டின் அதே திசையிலேயே வெளியேறுவதால் அந்தப் பெயர். வாட்டுவதற்குப் பெருமளவு காற்று வேண்டும், ஆனால் இலைப்படுக்கையைக் கடக்க 20, 25 மில்லிமீற்றர் நீர் உயரத்துக்குச் சமமான சிறு அழுத்தம் போதும். கூடுதல் காற்று, குறைந்த அழுத்தம் என்ற இந்தத் தேவைக்கு அச்சு விசிறிதான் சரி.

48 அங்குல விட்டமுள்ள ஒரு விசிறியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 960 முறை சுழலும் மோட்டரில் அதை நேரடியாகப் பொருத்தினால், இறக்கையின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 61 மீற்றர் வேகத்தில் ஓடும். மணிக்கு 220 கிலோமீற்றர். மையத்துக்கு அருகில் இறக்கையின் வேகம் இதில் பாதிகூட இல்லை. ஆகவே விசிறி செய்யும் வேலையின் பெரும்பகுதி இறக்கையின் வெளிப்பாதியில் நடக்கிறது. சேதமும் அங்கேயே நடக்கிறது.

இடுக்கில் நடப்பது என்ன?

சுழலும் இறக்கையின் ஒரு முகத்தில் அழுத்தம் அதிகம், மறுமுகத்தில் குறைவு. இந்த வேறுபாட்டால்தான் காற்று முன்னே தள்ளப்படுகிறது. ஆனால் இறக்கை வளையத்தில் உரசக்கூடாது என்பதற்காக நுனியில் சில மில்லிமீற்றர் இடுக்கு விட்டே ஆக வேண்டும். அழுத்தம் மிகுந்த பக்கத்துக் காற்று அந்த இடுக்கைக் கண்டதும் குறுக்கே பாய்ந்து மறுபக்கம் போகிறது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பிரதான ஓட்டத்தின்மீது மோதி, தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, முறுக்கிய கயிறுபோல ஒரு சுழியாக இறக்கைகளுக்கு நடுவே நீள்கிறது. இதையே நுனிக்கசிவுச் சுழி என்கிறோம்.

சுழி தனியாக இருப்பதில்லை. பாய்ந்து வரும் கசிவுக்கும் மெதுவாக நகரும் பக்கத்துக் காற்றுக்கும் நடுவே வேகம் திடீரென மாறும் ஒரு மெல்லிய படலம் உண்டு. அங்கே காற்று நிலைகுலைந்து கொந்தளிக்கிறது. வளையத்தின் உட்சுவரை ஒட்டி ஊர்ந்துவரும் காற்றுப்படலத்தையும் சுழி பிய்த்தெடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. சற்றுத் தூரம் போனதும் சுழியின் கட்டு உடைந்து, கொந்தளிப்பு அகலப் பரவுகிறது. மோட்டர் கொடுத்த சக்தியில் ஒரு பங்கு இப்படிச் சிறு சிறு சுழிகளாகச் சிதைந்து, கடைசியில் வெறும் வெப்பமாகப் போய்விடுகிறது. அந்தப் பகுதியில் காற்று முன்னே நகராமல் தேங்குவதால், விசிறியின் வாய் அவ்வளவுக்குச் சிறுத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். விசிறியின் இரைச்சலிலும் ஒரு பங்கு இங்கிருந்தே பிறக்கிறது.

அச்சுவழி இயந்திரங்களில் பொதுவாகக் கொள்ளும் அளவு இது: இறக்கை உயரத்தில் 1 சதவீதம் அளவுக்கு இடுக்கு கூடினால், இயந்திரத்தின் திறன் 1 முதல் 2 சதவீதம் குறையும்.

சுழியைக் கண்ணால் காண எடுத்த காலம்

பறக்கும் சிறகின் நுனியில் சுழி எழுகிறது என்பதை இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1907இல் எழுதினார். ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில் முதல் உலகப்போர்க் காலத்தில் அதைக் கணிதமாக்கினார். இயந்திரத்தின் உறைக்குள் சுழலும் இறக்கைகளையும் விமானச் சிறகைப் போலவே வடிவமைக்க வேண்டும் என்று ஏ. ஏ. கிரிஃபித் 1926இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்திலிருந்து வாதிட்டார். ஜெட் எஞ்சின்களின் காலம் வந்ததும் நுனி இடுக்கு பெரிய கேள்வியானது. அமெரிக்காவின் கால்டெக்கில் டி. ஏ. ரெயின்ஸ் 1954இல் வெளியிட்ட ஆய்வு, கசிவை உந்துவது இறக்கையின் இரு முகங்களுக்கும் நடுவிலுள்ள அழுத்த வேறுபாடே என்று எளிய கணக்கால் காட்டியது.

இந்த வரலாற்றில் தென்னிந்தியர் ஒருவருக்கும் முதன்மையான இடம் உண்டு. பி. லக்ஷ்மிநாராயணா இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்லாக்கோடு சேர்ந்து நுனிக்கசிவை ஆராய்ந்தார். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வாழ்நாள் முழுவதும் இந்தத் துறையிலேயே உழைத்தார். நுனி இடுக்கால் எவ்வளவு இழப்பு வரும் என்று கணிக்க 1970இல் அவர் தந்த முறையை உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் எடுத்தாண்டார்கள். 1996இல் வந்த அவருடைய நூல் இன்றும் மாணவர்களின் மேசையில் இருக்கிறது.

கணக்கு வந்தபிறகும் காட்சி வரவில்லை. வேகமாகச் சுழலும் உலோக இறக்கைகளுக்கு நடுவே, சில மில்லிமீற்றர் அகலத்தில் நடப்பதை எப்படிப் பார்ப்பது? அளவுகோலை உள்ளே விட்டால் ஓட்டமே கெடும். ஒளியைப் பாய்ச்சினால் இறக்கை மறைக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காட்ஸ் தலைமையிலான குழு இதற்கு அழகானதொரு வழி கண்டது. இறக்கைகளையும் உறையையும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கால் செய்தார்கள். தண்ணீரில் சோடியம் அயோடைட்டை எடையில் 60 சதவீதத்துக்கு மேல் கரைத்தார்கள். அந்தக் கரைசலும் அக்ரிலிக்கும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதால், கரைசலுக்குள் இறக்கை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. நுண்துகள்களைக் கலந்து, லேசர் ஒளித்தகட்டைப் பாய்ச்சி, அடுத்தடுத்துப் படமெடுத்து, துகள்கள் நகர்ந்த தூரத்தை அளந்தார்கள்.

அவர்கள் கண்டது பொறியியலாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நுனிக்கு அருகே உள்ள கொந்தளிப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. இடத்துக்கு இடம் அதன் பலமும் குணமும் மாறுகின்றன. கணினியில் ஓட்டத்தைக் கணிக்கும் வழக்கமான எளிய மாதிரிகள் பலவும் கொந்தளிப்பு எத்திசையிலும் ஒன்றே என்ற அனுமானத்தின்மேல் நிற்பவை. அந்த அனுமானம் இறக்கை நுனியில் பலிக்கவில்லை.

மீண்டும் ஊவாவுக்கு

விமான எஞ்சினுக்காகச் சேர்த்த இந்த அறிவு பசறையிலும் தெமோதரையிலும் எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். எனக்கு இதில் ஐயமே இல்லை. தேவை இங்கேதான் நாள்தோறும் இருக்கிறது.

முதலாவது, மலையின் உயரம். எல்ல கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. அப்புத்தளையில் இன்னும் குறைவு. அடர்த்தி குறைந்தால் அதே விசிறி, அதே வேகத்தில், அதே விகிதத்தில் குறைந்த அழுத்தமே தரும். சமவெளிக்கு எழுதிய அட்டவணையைப் பார்த்து வாங்கிய விசிறி மலைக்கு வந்ததும் ஏற்கெனவே பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. நுனியில் கசிய விடுவதற்கு மிச்சம் அதிகமில்லை.

இரண்டாவது, ஈரக் கொழுந்து. மழைநாளில் நனைந்த கொழுந்தைக் கனமாகப் பரப்பினால் காற்றுக்கு வழி அடைபடும். ஓட்டம் குறையக் குறைய, காற்று இறக்கையைச் சாய்வான கோணத்தில் தாக்கும். நுனிச்சுழி பலத்து, இறக்கையின் முன்விளிம்பை நோக்கி நகரும். ஓர் எல்லை தாண்டியதும் அது அடுத்த இறக்கைக்கு முன்பாகவே சிந்தி, விசிறி திணறத் தொடங்கும். ஓர் இறக்கையிடையில் தேங்கிய ஓட்டம் பக்கத்து இடைக்குத் தாவித் தாவிச் சுற்றிவரும். இந்தச் சுழல் திணறலை ஹார்வர்டின் ஹவர்ட் எமன்ஸ் 1955இல் விளக்கினார். இடுக்கு பெரிதாக இருக்கும் விசிறி இந்த எல்லையை முன்னதாகவே தொட்டுவிடும். காற்று மிக அவசியமான மழைநாளில் விசிறி கைவிட்டுவிடும் என்பதே இதன் பொருள்.

அதன் விளைவு கோப்பையில் தெரியும். தொட்டியின் ஒரு பகுதியில் இலை சருகாகும், இன்னொரு பகுதியில் பச்சையாகவே நிற்கும். இரண்டையும் ஒன்றாக உருட்டினால் எந்தக் கச்சான் காற்றும் அந்தத் தேயிலையைக் காப்பாற்றாது. கொழுந்தைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து, விரித்துப் பார்த்து வாட்டத்தின் பதம் சொல்லும் டீமேக்கர்களும், பின்னிரவிலும் தொட்டிகளைக் கண்காணிக்கும் தொழிலாளர்களும் இயந்திரம் செய்யும் இந்தப் பிழையைத் தங்கள் அனுபவத்தால் ஈடுகட்டுகிறார்கள். கொழுந்தைக் கிளறிவிடுகிறார்கள், பரப்பை மெலிதாக்குகிறார்கள், நேரத்தை நீட்டுகிறார்கள். மலையகத் தொழிலாளரின் அறிவு என்றால் பறிக்கும் விரல்களை மட்டுமே காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஃபெக்டரிக்குள் காற்றையும் ஈரத்தையும் கணிக்கும் இந்த அறிவும் அதே மதிப்போடு எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். 2022 ஆகஸ்டில் இலங்கையின் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம் ஏறியது. 350 மில்லிமீற்றர் உயரமுள்ள இறக்கையில் இடுக்கு 6 மில்லிமீற்றரிலிருந்து 12ஆக அகன்றால், மேலே சொன்ன அளவின்படி 3 சதவீதம் வரை திறன் போகலாம். 5.5 கிலோவாட் விசிறி இரவில் 14 மணிநேரம் ஓடினால் 77 அலகு. பத்துத் தொட்டிகள், 300 இரவுகள் என்று பெருக்கினால், இடுக்கு மட்டும் விழுங்குவது ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 அலகு.

இடுக்கு அகல்வதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. தேய்ந்த பேரிங், நெளிந்த வளையம், மையம் தவறிப் பொருத்திய மோட்டர் ஆகிய மூன்றும் போதும். மையம் தவறினால் ஒரு பக்கம் இறக்கை உரசும் நிலைக்கு வரும், எதிர்ப்பக்கம் அகலத் திறக்கும். உரசலுக்குப் பயந்து நுனியைத் தேய்த்துவிட்டால் இடுக்கு சுற்றிலும் நிரந்தரமாகிவிடும். வளையத்தை வட்டமாக்கி, மோட்டரை மையத்துக்குக் கொண்டுவந்து, நுழைவாயில் விளிம்பை வளைவாக்கி, இடுக்கை ஒரே அளவில் வைப்பது ஒரு நல்ல மெக்கானிக் செய்யக்கூடிய வேலை.

இலை வாட வாட அதற்கு வேண்டிய காற்றும் குறைவதால், மோட்டரின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் மின்னணுக் கருவிகளை இப்போது பல ஃபெக்டரிகள் பொருத்தியுள்ளன. வேகத்தை 80 சதவீதமாக்கினால் விசிறி இழுக்கும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகும். இது நல்ல முதலீடு. ஆனால் இடுக்கு கெட்ட விசிறி எந்த வேகத்திலும் கெட்ட விசிறியே. முதலில் இடுக்கு, பிறகு கருவி என்பதே சரியான வரிசை.

தலவாக்கலை சென்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 முதல் செடிக்கும் மண்ணுக்கும் பதனிடலுக்கும் செய்துள்ள பணி பெரிது. அந்த அறிவும் உலக ஆய்வுக்கூடங்களின் அறிவும் விசிறிக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் அவருடைய மொழியிலேயே போய்ச்சேர வேண்டும். பதுளையிலும் பண்டாரவளையிலும் தொழிற்பயிற்சி பெறும் மலையகப் பிள்ளைகளுக்கு இறக்கை நுனியின் இயல்பைத் தமிழில் கற்றுக்கொடுப்போம். தங்கள் பாட்டனும் பாட்டியும் உழைத்த அதே ஃபெக்டரியில் அளவுகோலோடு நின்று, என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று சொல்லும் பொறியியலாளர்களாக அவர்கள் வர வேண்டும். இந்தத் தொடரை நான் எழுதுவதே அந்த ஆசையால்தான்.

அடுத்த அத்தியாயத்தில், வாடிய கொழுந்து மாடியிலிருந்து இறங்கிச் சேரும் உருட்டும் மேசையையும், அதை உருவாக்கிய வில்லியம் ஜாக்சனையும் காண்போம்.

(தொடரும்)